கழுகக்கா கை நழுவிய நாள்

“குழந்தை முகம் தெளிவா விழணும். அழுதுக்கிட்டிருந்தா இன்னும் விசேஷம்!” என்றார் போனில் செய்தி ஆசிரியர்.

“சரி சார்” என்றான் அவன்.

நீதிமன்ற வாசலில் கேமராக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. ஊரார் சேமிப்பையெல்லாம் சுருட்டிக்கொண்டு ஓடிப் பிடிபட்டவனின் மனைவி விசாரணைக்காக உள்ளே போயிருந்தாள். கூடவே, பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல், அவளுடைய சின்ன மகள்.

அவன் வருஷக்கணக்காகக் கல்யாண வீடுகளில் படம் எடுத்தவன். பத்திரிகை வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான். அதனால் மற்ற பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் அவனுக்கு வைத்த பெயரே ‘கல்யாணம்’.

“என்ன கல்யாணம், எந்த லென்ஸ் மாட்டியிருக்கே?”

கேட்டது கழுகக்கா. போட்டிப் பத்திரிகையின் புகைப்படக்காரர். பாய்ந்து வரும் பந்தயக் குதிரையின் இமையைக்கூடப் பிசிறில்லாமல் பிடித்துவிடுவார். அந்தக் கண்ணுக்காகவே வந்த பெயர் அது.

“எழுபது - இருநூறு ஜூம் அக்கா.”

“நல்லா மாட்டினே போ! வாசல்லயே இடிச்சுக்கிட்டு நிக்கிறோம். அதுல மூக்கு மட்டும்தான் விழும். சின்ன ஜூமை மாட்டு. வர்றவங்க இருட்டுலேர்ந்து வருவாங்க, ஐஎஸ்ஓவை ஏத்திக்கோ. ஷட்டரை ஐந்நூறுக்குக் கீழ விட்டுடாதே, ஆடிப்போயிடும்.”

போட்டிக்காரனுக்கு இப்படி வலிய வந்து சொல்ல யாருக்கு மனசு வரும்? கல்யாணம் நெகிழ்ந்துபோனான். அவர் சொன்னபடியே எல்லாவற்றையும் மாற்றினான். கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஆட்டோஃபோகஸையும் போட்டுக்கொண்டான். எத்தனை பேர் எதிரே வந்தாலும் கிட்டத்தில் இருக்கும் கண்ணை லபக்கென்று கவ்விக்கொள்ளும் கேமரா அது.

கதவு திறந்தது.

“வர்றாங்க, வர்றாங்க!”

அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அந்தக் குழந்தை. இத்தனை கூட்டத்தைப் பார்த்ததும் உதடு பிதுங்கியது. அழுகை இதோ, வந்துவிட்டது.

கல்யாணம் விரலை அழுத்தினான்.

அதே நேரம், முதல் படியில் நின்று லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்த கழுகக்காவின் கையிலிருந்து பெரிய லென்ஸ் ஒன்று நழுவித் தடதடவென்று உருண்டது.

“ஐயையோ, என் லென்ஸு! மிதிச்சுடாதீங்கப்பா!”

லென்ஸ் விழுவது என்றால் புகைப்படக்காரனுக்குக் கைக்குழந்தை விழுவது மாதிரி. அத்தனை பேரும் பதறிப் பின்வாங்கினார்கள். இரண்டு பேர் குனிந்து தேடினார்கள். ஒருத்தர் பிடிக்கப் பாய்ந்து இன்னொருத்தர் மேல் விழுந்தார். கழுகக்காவோ இரண்டு கையையும் அகல விரித்து, கோழி இறக்கை விரித்தது மாதிரி வழியை அடைத்துக்கொண்டு நின்றார்.

எல்லோரும் நிமிர்ந்தபோது, அம்மாவும் மகளும் ஏறிப்போன காரின் பின்பக்கம்தான் தெரிந்தது.

“போச்சு, எல்லாம் போச்சு!”

“எப்பவாவது இப்படித்தான் சொதப்பிடறாங்க. வயசாகுதுல்ல.”

“குதிரைப் பந்தயத்தோட நிறுத்திக்கச் சொல்லுய்யா!”

கல்யாணம் அவசர அவசரமாகக் கேமரா திரையைப் பார்த்தான். கழுகக்கா முகம். அடுத்ததிலும் கழுகக்கா முகம். புருவ முடியை எண்ணிவிடலாம், அத்தனை துல்லியம். பின்னால் அம்மாவும் குழந்தையும் வெறும் கலங்கிய நிழல்.

ஒரு படத்தில் மட்டும் ஏதோ இடறியது. லென்ஸ் கீழே உருண்டுகொண்டிருக்க, கழுகக்காவின் பார்வை அதன்மேல் இல்லை. தோளுக்குப் பின்னால், கார் நின்ற பக்கம் போயிருந்தது.

யோசிப்பதற்குள் போன் அலறியது.

“படம் எங்கேய்யா?”

“கிடைக்கல சார். ஒரு அக்கா குறுக்க விழுந்து...”

“யாரது? பேரைச் சொல்லு. அவங்க முதலாளி எனக்கு வேண்டியவர்தான். இன்னிக்கே சீட்டைக் கிழிக்கிறேன்!”

“ஒரு நிமிஷம் சார், கேட்டுட்டுச் சொல்றேன்.”

கோபம் தலைக்கேற நேரே போனான். கழுகக்கா படியில் உட்கார்ந்து, தன் பாட்டுக்குப் பையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

“என்னக்கா இது! எங்க எல்லார் பிழைப்பிலயும் மண்ணை அள்ளிப் போட்டுட்டீங்களே!”

“கை நழுவிடுச்சு தம்பி. மனசுல வெச்சுக்காதே.”

“எனக்கு வேலையே போயிடும் போலிருக்கு!”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

சுவரோரம் அந்த லென்ஸ் கிடந்தது. என்ன கோபம் இருந்தாலும் தொழில்காரன் மனசு கேட்குமா? கல்யாணம் போய் எடுத்தான்.

“அடி பலமா பட்டிருக்கும். தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர் இருக்கார், அவர்கிட்ட...”

பேச்சு பாதியில் நின்றது.

கையில் கனமே இல்லை.

முன்மூடியைக் கழற்றினான். பின்மூடியையும் கழற்றினான். இந்தப் பக்கம் பார்த்தால் அந்தப் பக்கத்துத் தெரு தெரிந்தது. கண்ணாடியும் இல்லை, மோட்டாரும் இல்லை. வெறும் கூடு.

கழுகக்கா எழுந்து வந்து அதை மெதுவாக வாங்கிக்கொண்டார். தூசியைத் துடைத்தார். இரண்டு மூடிகளையும் பத்திரமாகப் போட்டார்.

“இது கீழே விழறதுக்குன்னே வெச்சிருக்கிறது தம்பி. வெளியில சொல்லிடாதே, அடுத்த தடவை யாரும் குனிய மாட்டாங்க.”

போன் மறுபடி அலறியது.

“என்னய்யா, கேட்டியா? குறுக்க வந்த அந்தம்மா யாரு?”

கல்யாணம் கழுகக்காவைப் பார்த்தான்.

“குறுக்க யாரும் வரல சார். நான்தான் ஃபோகஸைத் தப்பா வெச்சுட்டேன்.”