அவனுக்கு வழி தெரியும்

“ஏம்மா, நான் ரெண்டு வாரம் லீவு போட்டா ஆபீஸே குடை சாஞ்சிடுமா?”

படியேறி வந்த ரூட்டரம்மாவைப் பார்த்ததும் மேலாளர் கத்தினார். அவர் விடுப்பு முடிந்து திரும்பி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மூன்று மருத்துவமனைகள், ஒரு ஸ்கேன் சென்டர் ஆகியவற்றின் கணினிகளை இணைக்கும் வலையமைப்பைப் பராமரிக்கும் அலுவலகம் அது. தகவல் எந்த வழியாகப் போகவேண்டும் என்று தீர்மானிக்கிற ரூட்டர்களோடு ஒன்பது வருடமாக மாரடித்ததில் அவளுக்கு அந்தப் பெயர்.

“சார், நான் எதுக்கு வந்தேன்னா...”

“எதுக்கு வந்தா என்ன? வந்தீங்களே, அது போதும். ஸ்கேன் சென்டர்ல எடுத்த படம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரல. ஆளை ஆபரேஷன் தியேட்டருக்குள்ள கொண்டு போயாச்சு. டாக்டர் போன்ல என்னைக் காய்ச்சுறார்.”

துணை மேலாளர் அவசரமாக எழுந்தார். “சார், இவங்க வந்து...”

“நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. அவங்க வேலையைப் பார்க்கட்டும்.”

துணை மேலாளர் உட்கார்ந்தார்.

ரூட்டரம்மா ஒரு கணம் தயங்கினாள். பிறகு மேலாளரின் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். “உங்க லாகின்லயே பார்க்கிறேன் சார்.”

“எதுல வேணா பாருங்க, சீக்கிரம்.”

திரையில் வரிகள் ஓடின.

“பாலத்துக்கிட்ட இருக்கிற ரூட்டர்லேர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போற கேபிள் அறுந்திருக்கு. யாரோ பள்ளம் தோண்டியிருப்பாங்க.”

“அதுக்குத்தானே சுத்துவழி ஒண்ணு வெச்சிருக்கோம்?”

“இருக்கு. ஆனா பாலத்து ரூட்டர் படத்தை அதுல அனுப்ப மாட்டேங்குது. பக்கத்துல மேட்டுல இருக்கிற ரூட்டர் ‘எனக்கு வழி தெரியும்’னு சொல்லுது. இதுவும் நம்பிடுச்சு.”

“தெரிஞ்சா நல்லதுதானே?”

“அதுக்குத் தெரிஞ்ச ஒரே வழி, பாலத்து ரூட்டர் வழியாப் போறதுதான் சார்.”

மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“படத்தை இது அதுகிட்ட தள்ளுது. அது இதுகிட்டயே தள்ளிவிடுது. வழி போயிடுச்சுன்னு ரெண்டுக்கும் தெரியாது. தூரத்தை மட்டும் ஒண்ணொண்ணாக் கூட்டிக்கிட்டே இருக்கும். ‘அடடா, சுத்துவழியே கிட்டக்க இருக்கே’ன்னு புரியற வரைக்கும் இந்தக் கூத்துதான்.”

“அதுக்கு எவ்வளவு நேரமாகும்?”

“டாக்டர் காத்திருக்க முடியாத நேரம்.”

அவள் தட்டச்சு செய்துகொண்டே பேசினாள். “ஒருத்தர்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்ட வழியை அவர்கிட்டயே திருப்பிச் சொல்லக்கூடாதுன்னு ஒரு விதி இருக்கு சார். மேட்டுல புது ரூட்டர் மாட்டினவங்க அதைப் போடாம விட்டிருக்காங்க.”

“நீங்கதானே மாட்டினீங்க?”

“நான் மாட்டல சார்.”

துணை மேலாளர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

ரூட்டரம்மா விதியைப் போட்டாள். இரண்டு ரூட்டர்களிலும் பொய்யான வழியை அழித்தாள். மூவரும் மேசைமேல் கிடந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போன் அடித்ததும் மேலாளர் ஸ்பீக்கரில் போட்டார். “படம் வந்துடுச்சு, ஆரம்பிக்கிறோம்” என்றது மருத்துவரின் குரல். நன்றி சொல்லாமலே போனை வைத்துவிட்டார்.

மேலாளருக்கு மூச்சு வந்தது. “ஒரு உசிரைக் காப்பாத்திட்டீங்கம்மா! நாளைக்குக் காலையில டைரக்டர் வர்றார். நீங்க பக்கத்துல இருக்கணும், அவர்கிட்ட நானே சொல்றேன்.”

“நாளைக்கு வர முடியாது சார்.”

“ஏன், உடம்புக்கு என்ன?”

“உடம்பு நல்லாத்தான் இருக்கு. ஆள் அதிகமா இருக்குன்னு போன வாரமே என்னை வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. துணை மேலாளர் உங்களுக்குச் சொல்லியிருப்பார்னு நினைச்சேன்.”

மேலாளர் மெல்லத் திரும்பினார்.

“ஹெச்.ஆர்.ல சொல்லியிருப்பாங்கன்னு நான் நினைச்சேன் சார்” என்றார் துணை மேலாளர்.

ரூட்டரம்மா எழுந்து நாற்காலியைப் பழைய இடத்துக்கே தள்ளினாள்.

“ஆஸ்பத்திரின்னு சொன்னீங்க, மனசு கேக்கல. மத்தபடி, மேஜை டிராயர்ல விட்டுட்டுப் போன வீட்டுச் சாவியை எடுக்கத்தான் சார் வந்தேன்.”