சிவப்புப் பேனாவின் கோபம்

அமலோற்பவம் டீச்சரின் மேசையில் நோட்டுத் திருத்தப் புதிதாக வந்து உட்கார்ந்த டேப்லெட்டைச் சிவப்புப் பேனாவுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பதினெட்டு வருஷம் ரீஃபில் மாற்றி மாற்றி நோட்டுத் திருத்திய தன்னை வெறும் கையெழுத்துப் போட மட்டும் வைத்துக்கொண்டால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

அன்று ‘எனக்குப் பிடித்த பறவை’ கட்டுரை. முப்பத்தொன்பது பேர் நோட்ஸில் இருந்த மயிலை அப்படியே இறக்கி வைத்திருந்தார்கள். இசக்கி மட்டும், தன் டிபன் பாக்ஸிலிருந்து முட்டையைக் கொத்திக்கொண்டு போன காக்காயைப் பற்றி எழுதியிருந்தாள். டேப்லெட் மயில்களுக்கெல்லாம் பத்துக்கு ஒன்பது போட்டது. காக்காய்க்கு மூன்று.

“உனக்குக் கண்ணு இருக்கா? சொந்தமா எழுதின பிள்ளை அவ ஒருத்திதான்!” என்று பேனா பொரிந்து தள்ளியது.

“கோவிச்சுக்காதீங்க அக்கா,” என்றது டேப்லெட். “நீங்க திருத்தின பழைய நோட்டையெல்லாம் காட்டித்தான் என்னைப் பழக்கினாங்க. மயில்னு எழுதினவங்களுக்கெல்லாம் டிக் அடிச்சீங்க. கோழின்னு எழுதின பையனுக்குப் பெரிசா வட்டம் போட்டு மார்க்கைக் குறைச்சீங்க. நான் உங்க வழியிலதான் போறேன்.”

அந்த மூன்று மார்க்குக்குத் துணைபோகக் கூடாது என்று பேனா முடிவு செய்தது. இசக்கியின் நோட்டில் மட்டும் ஒரு சொட்டு மை விடுவதில்லை என்று வைராக்கியம் வைத்துக்கொண்டது.

டீச்சர் வந்தார். மூன்று மார்க்கைப் பார்த்தார், பேனாவை எடுத்தார். மை தாராளமாக வந்தது. கையெழுத்து, தேதி, அதற்குக் கீழே பழக்கதோஷத்தில் ஒரு வரி: ‘நோட்ஸைப் பார்த்து எழுதவும்.’

டேப்லெட் அதையும் பணிவாகப் படித்து மனப்பாடம் செய்துகொண்டது.