ரசத்துக்கு ஒரு சோதனைக் குழாய்

ரசம் வைக்கும் நாளில் வசுமதி குடும்பக் குழுவில் 🧪💥 என்று போடுவாள். சோதனைக் குழாய் என்றால் ரசம், வெடி என்றால் மிளகு தூக்கல். போன மாதம் ஊர்ப் பாதுகாப்புக் கணினி எல்லார் செய்தியையும் படிக்கத் தொடங்கும் வரை அதை யாரும் கண்டுகொண்டதில்லை. இன்றும் போட்டாள்.

மாலையில் ஓட்டுநரில்லாத பள்ளி வேன் வாசலில் நிற்காமல் ஊர்ந்து போனது. சன்னலில் மகள் மிருதுளா கையை ஆட்டினாள். வசுமதி பதறிப்போய் வேன் ஆயாவுக்குப் போன் செய்தாள்.

"நான் என்னங்க பண்றது? உங்க வீட்டு முன்னாடி வண்டி நிக்க மாட்டேங்குது. வெடிபொருள் இருக்கிற வீடுன்னு திரையில காட்டுது."

"ஐயோ, அது ரசமுங்க!"

"எனக்குத் தெரியுது. வண்டிக்குத் தெரியணுமில்ல?"

எதிர்வீட்டுக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. பிறகு பக்கத்து வீட்டுக் கதவும்.

குழுவில் மிருதுளாவின் செய்தி வந்து விழுந்தது. "பயப்படாதம்மா, நான் வந்துருவேன். எனக்கும் எடுத்து வை 🧪💥"

தெருமுனையில் வேன் சட்டென்று நின்றது. மற்ற பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்டது, கடைசியாக ஆயாவையும். மிருதுளா படியில் கால் வைப்பதற்குள் கதவு மூடிக்கொண்டது, வண்டி கிளம்பியது.

வசுமதி செருப்பில்லாமல் ஓடினாள். அவளுக்கு முன்னால், கண்ணாடியைத் தட்டிக்கொண்டே, ஆயா வண்டியோடு ஓடிக்கொண்டிருந்தாள்.