நல்ல ஈரல்

கல்லீரல் ஆராய்ச்சிப் பிரிவின் வாசலில் நோயாளிகள் காத்திருந்தார்கள். உள்ளே ஸ்கேன் டெக்னீஷியன் பெண் மெஷின் காட்டிய எண்ணைப் பார்த்தாள்.

“மறுபடியும் எகிறுது டாக்டர். ஈரல் கல்லாட்டம் இறுகிப்போச்சுன்னு காட்டுது.”

“மெஷின் பொய் சொல்லுது!” என்று எரிந்து விழுந்தார் பெரிய டாக்டர். “தினமும் முதல்ல ஒரு நல்ல ஈரலை வெச்சுப் பார்க்கிறோமே, எதுக்கு? இந்த மாதிரி கோளாறைக் கண்டுபிடிக்கத்தான். இது காட்டுற எண்ணை நம்பித்தானே அத்தனை பேருக்கும் புது மருந்து குடுக்கிறோம்? போ, பக்கத்து ரூம் மெஷினைக் கொண்டா.”

உருட்டிக்கொண்டு வந்தாள். விலா எலும்புகளுக்கு நடுவே வைத்து அழுத்தினாள். அதே எண்.

“என்ன, அதுவும் கெட்டுப்போச்சா?”

அவள் திரைக்குப் பின்னால் போய், இரண்டு மெஷினையும் தன்மேலேயே வைத்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

“எனக்குச் சரியாத்தான் காட்டுது டாக்டர். ரெண்டுமே.”

டாக்டரின் குரலில் இப்போது அதட்டல் இல்லை.

“இன்னும் ஒரே ஒரு தடவை பாரும்மா” என்று சட்டையை விலக்கிக்கொண்டு, தினமும் காலையில் முதல் ஆளாகப் படுக்கும் கட்டிலில் மறுபடியும் படுத்தார்.