செங்கல் நிறம்

திருப்பாதிரிப்புலியூர் சந்தைத் திடலில் வெயில் சாய்கிறது. சர்க்கரை வியாதிப் பிரச்சார மேடையில், மூக்கில் சிவப்புச் சாயத்தோடு நிற்கிறான் பபூன் தனக்கோடி. “மூத்திரம் குடுக்க யாரும் வெக்கப்படாதீங்க. மொதல்ல பபூனோடதப் பாப்பம். நீலம் மாறுனா சர்க்கர இருக்குன்னு அர்த்தம்!” என்கிறார் டாக்டர். மற்ற ஊர்களில் கண்ணாடிக் குழாயிலுள்ள நீல மருந்தில் வெறும் தண்ணீர்தான் ஊற்றுவார்கள்; நிறம் மாறாது. இன்று டாக்டர் பிடிவாதமாக நிஜத்தையே வாங்கிவிட்டார். ஒரு மாதமாகக் கொல்லையில் தான் ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்ப்பதைக் காலால் மண் தள்ளி மூடிவருகிறவன் தனக்கோடி. ஸ்பிரிட் விளக்கின் மேல் குழாய் கொதிக்கிறது. நீலம் பச்சையாகிறது, மஞ்சளாகிறது, கடைசியில் செங்கல் நிறத்தில் தடித்து நிற்கிறது. பபூன் செய்யும் வித்தை என்றே நினைத்துக் கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. டாக்டர் குழாயை இறக்கவும் மறந்து அவனையே பார்க்கிறார். மேடையில் அவனுக்கு மனைவியாக நடிக்கும் ராணியம்மாள், விசிறியால் வாயை மறைத்து, “வசனத்தச் சொல்லுய்யா” என்று முணுமுணுக்கிறாள். முன்னால் முந்நூறு முகங்கள். தனக்கோடி ராணியம்மாள் பக்கம் திரும்புகிறான். தொப்பையைத் தட்டி, “பாத்தியாடி, எனக்கு ஒண்ணுமில்ல!” என்கிறான்.

“ஒன்ஸ்மோர்!” என்று திடல் அதிர்கிறது.

அவன் மறுபடியும் தொப்பையைத் தட்டுகிறான்.