மூன்றாம் மாடிச் சாவி

“சாவிதானே மாமா... பண்ணித் தரேன், விடுங்க” என்றான் தொட்டாச்சிணுங்கி. ஆபீசில் அவனுக்கு அதுதான் பெயர். உதடு கிழிந்திருந்ததால் பாதிப் பேச்சு காற்றாகத்தான் வந்தது.

எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம். உள்ளே நுழைந்த அக்காவின் கணவன் அவன் முடியைப் பிடித்து முகத்தைச் சுவரில் மோதியிருந்தான். ‘திருகும் பாகங்களைப் படுக்க வைத்தே பிரிண்ட் செய்யவும். நிற்க வைத்தால் ஒடியும்’ என்று தம்பிக்காரனே எழுதி ஒட்டியிருந்த தாளெல்லாம் ரத்தம்.

“உங்க அக்கா என் மேல போலீஸ்ல புகார் குடுத்துட்டு, மூணாவது மாடியில இரும்புக் கதவைப் பூட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. அந்தப் பூட்டு நீ டிசைன் பண்ணதுதானே? சாவி உன் கம்ப்யூட்டர்ல இருக்கும்ல?”

இருந்தது. புருஷன் வைத்த இஸ்திரிப்பெட்டிச் சூட்டுக் காயத்தோடு அக்கா ஓடி வந்த வாரம், சோதனைக்குச் செய்த புதுப் பூட்டை அவள் கதவில் மாட்டிக் கொடுத்தவன் இவன்தான். “நான் இருக்கேன்க்கா” என்று வீரம் வேறு பேசியிருந்தான்.

மாமன்காரன் மேசையில் கிடந்த கட்டர் கத்தியை எடுத்து அவன் காதோரம் கீறினான். “இன்னிக்கு அவ கதை முடியணும். சீக்கிரம்!”

தம்பி திரையில் சாவியை இப்படியும் அப்படியும் திருப்பி வைத்துப் பட்டனைத் தட்டினான். த்ரீ-டி பிரிண்டருக்குள் உருகிய பிளாஸ்டிக் அடுக்கடுக்காகப் படிந்து, சாவி மெழுகுவர்த்தி மாதிரி நின்றபடி மெல்ல உயர்ந்தது. இப்படி ஒரு தம்பி இருந்தால் எதிரி எதற்கு?

“பிளாஸ்டிக்காச்சேடா, திறக்குமா?”

“எங்க டெஸ்ட் சாவி நூறு தடவை திறந்திருக்கு மாமா.”

விட்டால் போன் செய்துவிடுவான் என்று மாமன்காரன் அவனையும் காரில் தள்ளிக்கொண்டு போனான். மூன்றாவது மாடியில் காலடிச் சத்தம் கேட்டதுமே உள்ளிருந்து அக்கா, “யாரு?” என்றாள்.

“உன் தம்பிதான். சாவியோட வந்திருக்கான்” என்று சிரித்தான் கணவன்.

“டேய்... நீயாடா குடுத்த?” அக்கா அலறினாள். “நீயெல்லாம் ஒரு தம்பியா?”

அந்தக் கேள்வி தம்பிக்கு வாங்கிய அடியைவிட வலித்தது.

மாமன்காரன் சாவியைச் செருகி, இருந்த வெறியையெல்லாம் சேர்த்துத் திருகினான்.

டக்.

பாதி கையோடு வந்தது. மீதி பூட்டுக்குள் இறுகி அடைத்துக்கொண்டது. கதவை உதைத்தான், தோளால் இடித்தான், நகத்தால் நோண்டினான். இரும்புக் கதவு அசையக்கூட இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கட்டரோடு திரும்பினான்.

தொட்டாச்சிணுங்கி ஓடவில்லை. வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பிவிட்டு, படிக்கட்டை மறித்துக்கொண்டு நின்றான்.

“அக்கா, போலீசைக் கூப்பிடு” என்றவன், மாமன்காரன் கண்ணைப் பார்த்துச் சொன்னான்.

“இனிமே என்னை மட்டும்தான் வெட்ட முடியும் மாமா.”