ஓர் அடி பின்னால்

தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு டெரிக்கின் குரல் வெறும் காற்றாகத்தான் வருகிறது. ரயில்வே காலனி கிளப்பில் ஒருகாலத்தில் அவர் முன்னால் நின்று பாட, ஃபங்க் இசை வாசித்த குழு, வயதான பிறகு மறுபடி கூடிப் புதுப் பாட்டு ஒன்று போட்டிருக்கிறது. அதைப் பாட வேண்டியவர் ரோசலின் ஆன்ட்டி. அத்தனை வருஷமும் டெரிக்கின் பின்னால் நின்று கோரஸ் மட்டும் பாடியவர்.

முதல் வரியை அபாரமாகப் பாடினார். உடனே ஓர் அடி பின்னால் போய்விட்டார். இரண்டாவது வரி மைக்கில் விழவே இல்லை. திரும்பத் திரும்பப் பதிவு செய்தேன், ஒவ்வொரு முறையும் அதேதான்.

"யாருக்கு ஆன்ட்டி வழி விடுறீங்க?" ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டே விட்டேன்.

"தெரியலம்மா. காலு தானா போவுது."

"தானாவா? நல்லாப் பழக்கி வச்சிருக்காங்க."

டிரம்ஸ்காரர் சிரித்தார். மூலையில் உட்கார்ந்திருந்த டெரிக் சிரிக்கவில்லை. எழுந்து போய் ரோசலினுக்குப் பின்னால் நெருங்கி நின்றார். மறுபடி பாட்டு தொடங்கியது. முதல் வரி முடிந்ததும் பின்வாங்கிய ரோசலின் அவர் மார்பில் முட்டிக்கொண்டார்.

"இங்க இடமில்ல ரோசி. பாடு."

அந்தக் காற்றுக் குரலும் மைக்கில் விழுந்தது. ரோசலின் இரண்டாவது வரியைத் தொடங்கினார். நான் பதிவை நிறுத்தவில்லை.